ஃபால்அவுட் 1: புதிதாக ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இன்டர்பிளே நிறுவனம் 1997-இல் வெளியிட்ட முதல் ஃபால்அவுட்டைப் பற்றிய பக்கம் இது. பெதஸ்டா பிற்பாடு எடுத்துச் செய்த ஃபால்அவுட் 3, 4 ஆகியவற்றை ஆடிவிட்டு இதற்கு வருகிறவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே திணறிப் போவது வழக்கம். மேலிருந்து சாய்வாகத் தெரியும் வரைபடம், முறை வைத்து நடக்கும் சண்டை, எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாத வேலைகள், தலைக்கு மேல் ஒரு நாள் கெடு. கதையின் பின்பாதியை இங்கே கூடியவரை தொடவில்லை. முன்பாதியில் தெரிந்தே ஆக வேண்டியதை மறைக்கவும் இல்லை.

இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடுமா? எதை நிறுவுவது?

ஓடும். ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கிய கேமை அப்படியே திறப்பதைவிட, ஃபால்அவுட் கம்யூனிட்டி எடிஷன் என்ற இலவச எஞ்சினை அதோடு சேர்த்துக்கொள்வது நல்லது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அது ஓடும். எஞ்சின்தான் இலவசம்; படம், ஒலி, வரைபடம் எல்லாம் நீங்கள் வாங்கிய பிரதியிலிருந்து வர வேண்டும். மாஸ்டர்.டாட், கிரிட்டர்.டாட் என்ற இரண்டு கோப்புகளையும் டேட்டா ஃபோல்டரையும் எஞ்சின் இருக்கும் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் திறந்த உடனே மூடிக்கொண்டால், பெரும்பாலும் கோப்புப் பெயரில்தான் சிக்கல். அங்கே பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பெயராகக் கணக்காகும். ஃபால்அவுட்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து, அதில் எழுதியிருக்கும் பெயரும் உங்களிடம் உள்ள கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திரை அளவை மாற்ற எஃப்1_ரெஸ்.ஐஎன்ஐ கோப்பில் அகலம், உயரம் இரண்டையும் எழுதினால் போதும். ரொம்பப் பெரிதாக வைத்துவிட்டால் ஆட்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள்.

எட் டூ என்ற மாட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு), முதல் பாகத்தை இரண்டாம் பாகத்தின் எஞ்சினில் ஓட்டும். நல்ல வேலைதான். ஆனால் அதற்கு இரண்டு கேமும் கையில் இருக்க வேண்டும். முதல் தடவை ஆடுபவருக்குக் கம்யூனிட்டி எடிஷன் தாராளம்.

தயாராக இருக்கும் மூன்று பாத்திரங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மேக்ஸ் ஸ்டோன், நடாலியா, ஆல்பர்ட் மூவரையும் வைத்து கேமை முடிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் மூவரிடமும் புள்ளிகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. மேக்ஸ் உடம்பால் முரடன், மூளை மந்தம். லெவலுக்கு லெவல் அவனுக்குக் கிடைக்கும் ஸ்கில் புள்ளிகள் சொற்பம். சொந்தமாக ஒருவரை உருவாக்கப் பத்து நிமிடம் செலவழிப்பது மேல்.

ஏழு குணங்களுக்கும் புள்ளிகளை எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொன்றும் 5-இல் தொடங்கும். கூடுதலாக 5 புள்ளிகள் கையில் இருக்கும். ஒன்றைக் குறைத்து இன்னொன்றை ஏற்றலாம். உச்சம் 10.

முதலில் அஜிலிட்டி. சண்டையில் ஒரு முறைக்கு எத்தனை ஆக்‌ஷன் பாயிண்ட் கிடைக்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது: 5-உடன் அஜிலிட்டியில் பாதி. பாதியாக்கும்போது மிச்சம் வந்தால் அது வீண். அஜிலிட்டி 8 என்றால் 9 பாயிண்ட். 9 என்றாலும் அதே 9 தான். 10 என்றால் 10. ஆகவே இரட்டைப்படையில் நிறுத்துங்கள், முடிந்தால் 10-க்கே போய்விடுங்கள்.

அடுத்தது இன்டெலிஜென்ஸ். லெவல் ஏறும்போதெல்லாம் 5-உடன் இன்டெலிஜென்ஸைப் போல இரு மடங்கு ஸ்கில் புள்ளிகள் கிடைக்கும். 5 வைத்தவருக்கு 15, 9 வைத்தவருக்கு 23. கேமின் கடைசி லெவல் 21. இருபது தடவை இந்த வித்தியாசம் சேரும்போது இரண்டு வேறு ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். 4-க்குக் கீழே இறக்கினால் உங்கள் பாத்திரம் உளறத்தான் செய்யும், ஊரில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அது மூன்றாவது ஆட்டத்துக்கானது.

பெர்செப்ஷன் தூரத்தில் உள்ளதைச் சுடும் துல்லியத்துக்கு. நல்ல பெர்க்குகள் (சில லெவலுக்கு ஒருமுறை கிடைக்கும் சிறப்புத் திறன்கள்) பல இதில் 6 கேட்கும், ஸ்னைப்பர் பெர்க் 8 கேட்கும். லக் கூடக் கூடப் பலத்த அடிகள் விழும் வாய்ப்பும் கூடும். ஸ்ட்ரென்த் 5 போதும்: வேட்டைத் துப்பாக்கிக்கும் ஸ்னைப்பர் துப்பாக்கிக்கும் அவ்வளவுதான் தேவை, 150 பவுண்டு சுமையும் தூக்கலாம். பிற்பாடு பவர் ஆர்மர் கிடைத்தால் ஸ்ட்ரென்த் தானாக 3 கூடும். எண்டூரன்ஸ் 4 போதும். கரிஸ்மா இந்த முதல் பாகத்தில் ஏமாற்றுப் பேர்வழி. எத்தனை கூட்டாளிகளைச் சேர்க்கலாம் என்பதைக் கரிஸ்மா கட்டுப்படுத்துவது இரண்டாம் பாகத்தில்தான். பேசி ஜெயிக்கப் பெரும்பாலும் ஸ்பீச் ஸ்கில்லும் இன்டெலிஜென்ஸும் போதும்.

கிஃப்டெட் ட்ரெய்ட்டோடு சேர்த்து நம்பி எடுக்கக்கூடிய ஒரு கணக்கு: ஸ்ட்ரென்த் 5, பெர்செப்ஷன் 8, எண்டூரன்ஸ் 4, கரிஸ்மா 4, இன்டெலிஜென்ஸ் 9, அஜிலிட்டி 10, லக் 7. கூட்டினால் 47.

கிஃப்டெட் என்றால்? ட்ரெய்ட் எதை எடுப்பது?

ட்ரெய்ட் ஒவ்வொன்றிலும் ஒரு நல்லது, ஒரு கெட்டது. இரண்டு வரை எடுக்கலாம், ஒன்றுமே எடுக்காமலும் விடலாம். ஒருமுறை எடுத்தால் எளிதில் மாற்ற முடியாது.

கிஃப்டெட் ஏழு குணங்களிலும் ஒன்று கூட்டும். பதிலுக்கு எல்லா ஸ்கில்லிலும் 10 சதவீதம் குறையும், லெவலுக்கு 5 ஸ்கில் புள்ளியும் போகும். மேலே சொன்ன கணக்கில் இன்டெலிஜென்ஸ் 9 இருந்தும் லெவலுக்கு 18 தான் மிஞ்சும். ஆரம்ப இரண்டு மூன்று லெவல்களில் கை நடுங்குவது தெரியும், பிறகு தெரியாது.

ஃபாஸ்ட் ஷாட் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு ஆக்‌ஷன் பாயிண்ட்டை மிச்சப்படுத்தும். ஆனால் கண், கால் என்று குறிவைத்துச் சுடவே முடியாது. இந்தக் கேமின் சண்டையில் பாதி ருசி குறிவைப்பதில்தான். முதல் ஆட்டத்துக்கு அதை விட்டுவிடுங்கள். ஸ்கில்ட் என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்: மூன்று லெவலுக்கு ஒன்று வர வேண்டிய பெர்க்கை நான்கு லெவலுக்கு ஒன்றாக்கிவிடும். ஜிங்ஸ்ட் எடுத்தால் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் துப்பாக்கி கோளாறாகும், உங்களுக்கும் சேர்த்து. ஸ்மால் ஃபிரேம் ஓர் அஜிலிட்டி தரும், தூக்கும் சுமையைப் பலமாகக் குறைக்கும். கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது.

மூன்று டேக் ஸ்கில் எவை?

ஸ்மால் கன்ஸ், ஸ்பீச், லாக்பிக். முதல் ஆட்டத்துக்கு யோசிக்காமல் இதையே எடுக்கலாம். டேக் செய்த (முதன்மையானது என்று தேர்ந்தெடுத்த) ஸ்கில் 20 சதவீதம் கூடுதலாகத் தொடங்கும். அதில் போடும் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு சதவீதமாக ஏறும்.

லாக்பிக்குக்குப் பதிலாக சயன்ஸ் அல்லது எனர்ஜி வெப்பன்ஸ் எடுப்பவர்கள் உண்டு. எனர்ஜி வெப்பன்ஸ் கடைசிக் காலத்தில் அசுர பலம், ஆனால் முதல் பல மணி நேரத்துக்குக் கையில் ஒரு லேசர் துப்பாக்கிகூட இருக்காது. கேம்ப்ளிங், பார்ட்டர், த்ரோயிங், ட்ராப்ஸ் ஆகியவற்றில் புள்ளி போடாதீர்கள். ஃபர்ஸ்ட் எய்ட், அவுட்டோர்ஸ்மேன், ரிப்பேர், சயன்ஸ் ஆகிய நான்கையும் புத்தகம் படித்தே ஏற்றிக்கொள்ளலாம் (கீழே பார்க்க).

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, லெவல் ஏறும்போது ஏழெட்டு ஸ்கில்லுக்கு இரண்டிரண்டு புள்ளியாகத் தூவிவிடுவது. 40 சதவீதத்தில் நிற்கும் எட்டு ஸ்கில்லால் ஒரு கதவும் திறக்காது. முதலில் ஸ்மால் கன்ஸை 90 தாண்டும் வரை ஏற்றுங்கள், பிறகு ஸ்பீச். ஸ்மால் கன்ஸ் 100 தாண்டினாலும் வீணில்லை. தூரம், இருட்டு, எதிரியின் கவசம் எல்லாம் அதிலிருந்து கழியும்; கடைசியில் திரையில் தெரியும் வாய்ப்பு எப்படியும் 95-க்கு மேல் போகாது.

150 நாளுக்குள் வாட்டர் சிப் கொண்டுவர வேண்டுமாமே. நேரம் போதுமா?

தாராளமாகப் போதும். நீங்கள் கிளம்பும் நிலத்தடிப் பதுங்கிடமான வால்ட் 13-இன் தண்ணீர் சுத்திகரிப்புக்கான சிப் கெட்டுப்போய்விட்டது, 150 நாளில் மாற்று கொண்டுவராவிட்டால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கெடு உண்மையானது. ஆனால் நாள் கழிவது முக்கியமாக உலக வரைபடத்தில் பயணம் செய்யும்போதும், பிப்-பாய் என்ற கைக்கருவியில் ஓய்வெடுக்கும்போதும், புத்தகம் படிக்கும்போதும்தான். ஊருக்குள் எல்லாக் கதவையும் தட்டி எல்லோரிடமும் பேசினாலும் சில மணி நேரம்தான் ஓடும். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே வீணாக அலையாமல் இருந்தால் பாதிக் கெடு மிஞ்சும்.

ஹப் நகரில் தண்ணீர் வியாபாரிகளுக்குப் பணம் கட்டினால் வால்ட் 13-க்குத் தண்ணீர் வண்டி அனுப்புவார்கள். கெடு 100 நாள் நீளும். இதற்கு ஒரு விலை உண்டு: வண்டித் தடத்தை வைத்து எதிரிகள் வால்ட்டைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். ஆரம்ப வெளியீட்டில் சிப் கிடைத்த பிறகும் இப்படி ஓர் இரண்டாவது கெடு ஓடிக்கொண்டிருந்தது. 1.1 பேட்ச் அதை 13 ஆண்டாக நீட்டிவிட்டதால் இப்போது அதைப் பற்றிக் கவலை இல்லை. எப்படியானாலும் தண்ணீர் வண்டி தேவைப்படும் நிலை பெரும்பாலோருக்கு வராது.

எந்த ஊருக்கு எந்த வரிசையில் போவது?

வால்ட் 13, ஷேடி சாண்ட்ஸ், விரும்பினால் வால்ட் 15, ஜங்க்டவுன், ஹப், நெக்ரோபொலிஸ். வால்ட் 13-இலிருந்து கிழக்கே போனால் ஷேடி சாண்ட்ஸ், அதற்கும் கிழக்கே வால்ட் 15. தெற்கே இறங்கினால் ஜங்க்டவுன், இன்னும் தெற்கே ஹப், ஹப்புக்குக் கிழக்கே நெக்ரோபொலிஸ். வடமேற்கிலும் தென்கிழக்கிலும் தூரத்தில் இருக்கும் இடங்களுக்கு முதல் பத்து லெவலுக்குள் போகாதீர்கள். வழியில் சந்திக்கும் கூட்டமே ஒரே முறையில் உங்களை முடித்துவிடும்.

வால்ட் 15-இல் சிப் இருக்கும் என்று சொல்லித்தான் உங்களை அனுப்புகிறார்கள். அங்கே கட்டுப்பாட்டு அறை பாறை சரிந்து மூடிக் கிடக்கிறது, சிப் கிடையாது. அனுபவப் புள்ளிக்காகவும் லாக்கர்களில் உள்ள பொருளுக்காகவும் போகலாம், போகாமலும் விடலாம். போவதானால் லிஃப்ட் குழிகளில் இறங்க இரண்டு கயிறு வேண்டும். ஷேடி சாண்ட்ஸ் வீடுகளில் அலமாரிகளைத் திறந்து பார்க்காமல் நேராக இங்கே வந்து, குழி வாயிலில் நின்று திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். கயிற்றை இன்வென்டரியிலிருந்து கை இடத்துக்கு மாற்றி, பிறகு குழியின் மேல் பயன்படுத்த வேண்டும்.

ஷேடி சாண்ட்ஸில் என்னென்ன செய்ய வேண்டும்?

ஊருக்குள் நுழையும் முன் துப்பாக்கியைக் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். வாசலிலேயே எச்சரிப்பார்கள்; ஜங்க்டவுனிலும் இதே விதிதான். கத்ரினாவிடம் பேசினால் கேமின் அடிப்படைகளைப் பொறுமையாகச் சொல்லித் தருவார். ஊர்த் தலைவர் ஆரதேஷ், வைத்தியர் ராஸ்லோ, வாசல் காவலர் சேத் மூவரிடமும் ராட்ஸ்கார்ப்பியன் தொல்லை பற்றிக் கேளுங்கள். சேத் உங்களைக் குகைக்கு அழைத்துப் போவார்.

ராட்ஸ்கார்ப்பியன் என்பது ஆளுயரத் தேள். முதல் லெவலில் தனியாகப் போனால் சாவு நிச்சயம் என்றில்லை, ஆனால் அதற்கு வெகு பக்கத்தில். குகை வாயிலுக்கு அருகிலேயே நின்று, ஒன்றொன்றாக வரவிட்டுச் சுடுங்கள். நிலைமை கைமீறினால் வெளியேறும் கட்டத்தில் காலை வைத்துவிடலாம். செத்த தேளின் வாலை ராஸ்லோவிடம் கொடுத்தால் விஷமுறிவு மருந்து செய்து தருவார். தேள்கடியில் கிடக்கும் ஜார்விஸையும் அதை வைத்துக் காப்பாற்றலாம்.

இந்த ஊருக்கு மறுபடி ஒருமுறை வாருங்கள். ஆரதேஷின் மகள் டாண்டியைக் கான்ஸ் கொள்ளைக்காரர்கள் கடத்திப் போயிருப்பார்கள். மீட்க வழி பல: பணம் கொடுக்கலாம், பேசிப் பார்க்கலாம், தலைவன் கார்லோடு வெறுங்கையால் ஒண்டிக்கு ஒண்டி மோதலாம், முகாமையே அழிக்கலாம். ஐந்தாறு லெவல் ஏறாமல் கடைசி வழியைத் தொட வேண்டாம்.

சண்டையில் ஒரு முறைக்கு என்னதான் செய்ய முடியும்? சட்டென்று தீர்ந்துவிடுகிறதே.

கையில் உள்ள 10 மிமீ பிஸ்டலை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஆக்‌ஷன் பாயிண்ட் 10. சாதாரணச் சூடு 5, குறிவைத்த சூடு 6. ஓர் அறுகோணக் கட்டம் நகர 1. தோட்டா நிரப்ப 2. இன்வென்டரியைத் திறக்க 4.

ஆக ஒரு முறையில் இரண்டு சாதாரணச் சூடு சுடலாம். அல்லது ஒரு தடவை குறிவைத்துச் சுட்டுவிட்டு நான்கு கட்டம் பின்வாங்கலாம். எலியும் தேளும் பக்கத்தில் வந்தால்தான் கடிக்கும். நான்கு கட்டம் தள்ளி நின்றால் அவற்றின் பாயிண்ட்டில் ஒரு பகுதி உங்களை நெருங்குவதிலேயே கரையும், கடிக்கக் குறைவாகத்தான் மிஞ்சும். கையால் தாக்கும் எந்த எதிரிக்கும் இந்த உத்தி பொருந்தும். துப்பாக்கி வைத்திருப்பவனிடம் பொருந்தாது. அவனிடமிருந்து சுவர் மூலைக்குப் பின்னால் ஒதுங்குங்கள், தேடி வரட்டும்.

குறிவைக்கும்போது கண்ணுக்கு 60 சதவீதம் கழியும். ஸ்மால் கன்ஸ் ஏறாத ஆரம்பத்தில் பத்துக்கு எட்டு குண்டு வீணாகும். அதனால் முதல் சில லெவல்களில் உடம்பையோ காலையோ சுடுங்கள். கால் முறிந்தவன் ஊர்ந்துதான் வருவான். திரையில் கண்ணுக்கு 50-க்கு மேல் காட்டத் தொடங்கியதும் வேறு எங்கும் சுடாதீர்கள்.

இன்வென்டரி திறக்க 4 போகிறது என்றாலும், திறந்த பிறகு உள்ளே எத்தனை ஸ்டிம்பேக் (உயிரை ஏற்றும் ஊசி) வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கவசம் மாற்றலாம், துப்பாக்கி நிரப்பலாம். அந்த 4 மட்டும்தான் செலவு. சாகக் கிடக்கும் நேரத்தில் இது தெரிந்திருப்பதும் தெரியாததும் உயிர் விஷயம். ஒரே ஒரு ஸ்டிம்பேக் போதுமென்றால் இரண்டாவது கையில் அதை வைத்துக்கொள்ளுங்கள். கை மாற்றச் செலவில்லை, போட 2 தான்.

இருட்டில் சண்டை போடாதீர்கள். குறி தப்பும் அளவு வெளிச்சத்தைப் பொறுத்து மாறுகிறது. ராத்திரியில் வந்து சேர்ந்தால் பிப்-பாயில் விடியும்வரை ஓய்வு என்பதை அழுத்துங்கள். குகைக்குள் கையோடு கொண்டுவந்த ஃபிளேரைக் கொளுத்திப் போடுங்கள். தோட்டாவில் ஜேஎச்பி, ஏபி என்று இரண்டு வகை கிடைக்கும். ஏபி கவசத்தைத் துளைக்கும் என்று பெயர்தான், பெரும்பாலான எதிரிகளுக்கு ஜேஎச்பி-யே அதிகம் வலிக்கும்.

இயன் என் முதுகில் சுடுகிறான்!

சுடுவான். ஷேடி சாண்ட்ஸ் வாசலுக்கு அருகே காவல் வீட்டில் இருக்கும் இயனை 100 பாட்டில் மூடி (இந்த உலகின் காசு) கொடுத்தோ நயமாகப் பேசியோ சேர்த்துக்கொள்ளலாம், ஆரம்பத்தில் பெரிய துணை. ஆனால் சரமாரியாகச் சுடும் எந்தத் துப்பாக்கியையும் அவன் கையில் சிக்கவிடாதீர்கள். நடுவில் யார் நிற்கிறார்கள் என்று அவன் பார்ப்பதில்லை. பிஸ்டலோ வேட்டைத் துப்பாக்கியோ மட்டும் கொடுத்து, அவனுக்கும் எதிரிக்கும் இடையே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கப் பண்டமாற்றுதான் நேர்வழி. இல்லாவிட்டால் ஸ்டீல் ஸ்கில்லால் திருடுங்கள். கூட்டாளிகள் கோபிக்க மாட்டார்கள். கூட்டாளிகளுக்கு லெவல் ஏறாது, நல்ல கவசம் கொடுத்தாலும் அணிய மாட்டார்கள். அதனால் கேமின் பின்பாதியில் அவர்கள் கூடவே வந்து சாவார்கள், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜங்க்டவுனில் ஃபில் என்பவர் தன் வீட்டுக்குள் போக முடியாமல் வெளியே நிற்பார். வழிமறிக்கும் நாய்தான் டாக்மீட். இகுவானா சுட்ட குச்சி ஒன்றைக் கொடுங்கள், அல்லது தோல் ஜாக்கெட் அணிந்து போங்கள், பின்னாலேயே வந்துவிடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு உங்களைவிட அது அதிகம் கொல்லும். ஃபோர்ஸ் ஃபீல்டு உள்ள இடங்களுக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள். நேராக அதற்குள் ஓடிச் சாகும்.

கூட்டாளி கதவை மறித்து நிற்கிறான், வெளியே வர முடியவில்லை.

தள்ளிவிடும் வசதி இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. இங்கே ஏ பட்டனை அழுத்திச் சண்டையைத் தொடங்கி, உங்கள் முறையை முடித்துப் பாருங்கள். சில சமயம் நகர்வான். இல்லையென்றால் பழைய சேவ் ஒன்றுதான் வழி. சின்ன அறைக்குள் நுழையும்போது அவன் உங்களுக்கு முன்னால் போகும்படி விடுவது வரும்முன் காப்பது.

பணம் எப்படிச் சேர்ப்பது?

கொன்றவர்களின் துப்பாக்கிகளைப் பொறுக்கி விற்பதுதான் பிரதான வருமானம். கான்ஸ் முகாமைச் சுத்தம் செய்தால் ஹப்பில் நல்ல துப்பாக்கியும் கவசமும் வாங்கப் போதுமான சரக்கு சேரும். பாட்டில் மூடிக்கு எடையில்லை, துப்பாக்கிகளுக்கு உண்டு. தோட்டாவை மட்டும் விற்காமல் வைத்திருங்கள். வியாபாரியிடம் மூடி தீர்ந்துவிட்டால் பொருளுக்குப் பொருளாக ஸ்டிம்பேக், தோட்டா, புத்தகம் வாங்குங்கள். ஹப்பில் வணிக வண்டிகளுக்குக் காவல் போகும் வேலையும் கிடைக்கும். கூலியும் வரும், வழிச்சண்டையில் அனுபவமும் வரும்.

புத்தகம் படித்து ஸ்கில் ஏற்றுவது எப்படி?

ஹப்பில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. ஸ்மால் கன்ஸ், சயன்ஸ், ரிப்பேர், ஃபர்ஸ்ட் எய்ட், அவுட்டோர்ஸ்மேன் ஐந்துக்கும் அங்கே புத்தகம் உண்டு. ஸ்கில் குறைவாக இருக்கும்போது ஒரு புத்தகம் நிறைய ஏற்றும், போகப் போகக் குறையும்; 91-ஐத் தொட்டதும் அதற்கு மேல் பயன் இல்லை. அதனால் சயன்ஸ், ரிப்பேர் இரண்டுக்கும் லெவல் புள்ளிகளைச் செலவழிப்பது நஷ்டம். படிக்கச் சில மணி நேரம் கழியும். இன்டெலிஜென்ஸ் கூடினால் குறையும்.

பெர்க் எதை எடுப்பது?

3-ஆம் லெவலில் அவேர்னெஸ்: எதிரியின் உயிர் எவ்வளவு, கையில் என்ன துப்பாக்கி என்று காட்டும். 6-இல் எஜுகேட்டட். 9-இல் பெட்டர் கிரிட்டிகல்ஸ் அல்லது போனஸ் ரேட் ஆஃப் ஃபயர். 12-இல் ஆக்‌ஷன் பாய் அல்லது 9-இல் விட்டது. 18-இல் ஸ்னைப்பர். நைட் விஷன், மென்டல் பிளாக், அனிமல் ஃபிரண்ட் எல்லாம் பட்டியலை நிரப்ப வைத்தவை.

நெக்ரோபொலிஸில் கவனிக்க வேண்டியது?

வாட்டர் சிப் இங்கேதான், நகரத்துக்கு அடியில் உள்ள வால்ட் 12-இல். தெருக்களில் கூல்கள் (கதிர்வீச்சில் உருக்குலைந்த மனிதர்கள்) தாக்கும், நீரேற்று நிலையத்தில் சூப்பர் மியூட்டண்டுகள் (உருமாறிய ராட்சத மனிதர்கள்) காவல். அவர்களில் ஹாரி கொஞ்சம் மந்த புத்தி, சமாளித்துப் பேசியே தப்பலாம். சாக்கடை வழியாகப் போனால் மேலே உள்ள சண்டைகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

சிப்பை நேரே பிடுங்கிக்கொண்டு போனால் அங்கே வாழும் கூல்கள் தண்ணீரில்லாமல் சாவார்கள். சாக்கடையில் பம்புக்கான உதிரிபாகங்கள் கிடக்கின்றன. அவற்றை எடுத்து, ரிப்பேர் ஸ்கில்லால் பம்பைச் சரிசெய்துவிட்டுச் சிப்பை எடுங்கள். ரிப்பேர் புத்தகங்களை ஹப்பிலேயே படித்துவிட்டு வரச் சொல்வது இதற்காகத்தான். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் மியூட்டண்டுகள் நகரையே அழித்துவிடும், பிறகு பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

கதிர்வீச்சு பற்றிப் பயப்பட வேண்டுமா?

ஒரே ஓர் இடத்தில் கட்டாயம். தென்கிழக்கில் தி க்ளோ என்ற பள்ளம். அதன் கட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே ராட்-எக்ஸ் என்ற கதிர்வீச்சுத் தடுப்பு மாத்திரை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு போடுவது தாமதம். இறங்கக் கயிறும் வேண்டும். கதிர்வீச்சின் மோசமான குணம், அங்கேயே கொல்லாமல் பாதி வழியில் குணங்களைக் குறைத்துக் கொல்வது. திரும்பிப் போய்ச் சேவ் செய்துவிட்டீர்களென்றால் செத்துக்கொண்டிருப்பவரைச் சேவ் செய்திருக்கிறீர்கள்.

எத்தனை சேவ் வைத்திருப்பது?

பத்து இடம் இருக்கிறது, பத்தையும் சுழற்றுங்கள். எஃப்6 விரைவுச் சேவ், எஃப்7 அதைத் திறக்க. இந்த ஒன்றை மட்டும் நம்பினால் சண்டையின் நடுவில் சாவுக்கு ஒரு நொடி முன்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வோர் ஊருக்குள் நுழைவதற்கு முன்பும் தனி இடத்தில் ஒரு சேவ். வால்ட் 13-ஐவிட்டு வெளியே வந்த சேவ் ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

தவறுதலாக ஊர்க்காரர் ஒருவரைச் சுட்டுவிட்டேன், ஊரே துரத்துகிறது.

எஃப்7. மன்னிப்புக் கேட்கும் வழி பெரும்பாலும் கிடையாது. கூட்டத்துக்குள் சரமாரிச் சூடும் எறிகுண்டும் வேண்டவே வேண்டாம்.

அவசியமான பட்டன்கள்?

ஏ சண்டையைத் தொடங்கும், ஸ்பேஸ் உங்கள் முறையை முடிக்கும், என்டர் சண்டையை முடிக்கும் (எதிரி அருகில் இருந்தால் முடியாது). ஐ இன்வென்டரி, சி பாத்திரம், பி எழுத்து கை மாற்ற, டேப் வரைபடம். எண் 1 முதல் 8 வரை ஸ்கில்கள்: 2 பூட்டு திறக்க, 7 சயன்ஸ், 8 ரிப்பேர். கையில் உள்ள துப்பாக்கிப் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் சாதாரணச் சூடு, குறிவைத்த சூடு, தோட்டா நிரப்புதல் என்று மாறிக்கொண்டே வரும். குறிவைப்பது எப்படி என்று பலர் கடைசிவரை கண்டுபிடிக்காமல் விடுவது இதனால்தான்.

கடினம் எந்த அளவில் வைப்பது?

சண்டைக் கடினமும் கேம் கடினமும் தனித்தனி. முதல் ஆட்டத்துக்கு இரண்டையும் நார்மலில் வையுங்கள். தேள் குகையே தாண்ட முடியாவிட்டால் சண்டைக் கடினத்தை மட்டும் விம்பிக்கு இறக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஏற்றலாம்.

முடித்த பிறகு அதே பாத்திரத்தோடு ஃபால்அவுட் 2 ஆடலாமா?

முடியாது. 1998-இல் வந்த இரண்டாம் பாகத்தில் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். அங்கே கரிஸ்மாவுக்கு மதிப்பு வந்துவிடும், கூட்டாளிகளுக்கு லெவலும் கவசமும் உண்டு, 150 நாள் கெடு இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே துப்பாக்கி இல்லாமல் ஈட்டியோடு ஒரு கோயிலுக்குள் அனுப்புவார்கள். ஸ்மால் கன்ஸ் மட்டும் டேக் செய்தவர்கள் அந்த முதல் கால் மணி நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருக்கும்.